பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு வண்டி: புதிதாக வாங்கித் தருவதா, மறுப்பதா, வீட்டு வண்டியைக் கொடுப்பதா?

பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் சேரும் மே, ஜூன் மாதங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளை வண்டி கேட்கிறது. அம்மாவுக்குப் பயம், அப்பாவுக்குத் தயக்கம், தாத்தா மட்டும் "வாங்கிக் குடுத்துடுப்பா, ஆசைப்படுறான்" என்கிறார். பெற்றோர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. பிள்ளைக்கென்றே புது வண்டி வாங்கிக் கொடுத்துவிடலாம். சம்பாதிக்கத் தொடங்கும்வரை வண்டிப் பேச்சே கூடாது என்று சொல்லிவிடலாம். அல்லது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்கூட்டரையோ காரையோ, நிபந்தனைகளோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் கொடுக்கலாம்.

நான் மூன்றாவது வழியின் பக்கம். பிள்ளைகளைக் கண்டிப்போடு வளர்க்க வேண்டும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் வண்டி விஷயத்தில் அந்தக் கண்டிப்பை எதன்மேல் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதனால் வண்டி வாங்குவதைப் பற்றிய முடிவை, எந்த மாடல், என்ன மைலேஜ் என்ற பேச்சோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பதினெட்டு ஆகாதவர்களுக்கு

இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை, கொடுக்கக் கூடாது. "தெருமுனை வரைக்கும்தாம்மா, பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்கும்போது சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுகிற வீடுகள் நிறைய. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 199ஏ பிரிவை அந்த வீடுகளில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். பதினெட்டு நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையதே.

பதினாறு வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம், பெற்றோர் கையெழுத்தோடு. ஆனால் அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் ஆக்டிவா, ஜூபிடர் எல்லாம் 100 சிசியைத் தாண்டியவை. அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு இவற்றை ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு.

2024 மே 19 அதிகாலையில் புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். சாலைப் பாதுகாப்பைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்துச் சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது, நாடே கொதித்தது. அதன் பிறகு அப்பா, அம்மா இருவரும் கைதானார்கள். பையனின் ரத்த மாதிரியை மாற்றியதாக எழுந்த குற்றச்சாட்டு இன்னொரு பெரிய வழக்காக வளர்ந்தது. பிள்ளை செய்த தவறிலிருந்து அவனைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரின் மனம் எவ்வளவு தூரம் போகும் என்று அந்த வழக்கின் செய்திகளைப் படித்தபோது எனக்கு நடுக்கமாக இருந்தது.

பதினாறு, பதினேழில் டியூஷனுக்குப் போக ஏதாவது வேண்டும் என்றால் சைக்கிளும் பஸ்ஸும் இருக்கின்றன. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார் கொண்ட மின்ஸ்கூட்டரையும் யோசிக்கலாம். அதற்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஆனாலும் ஹெல்மெட் போடச் சொல்லுங்கள். வேகக் கட்டுப்பாட்டை யாராவது கழற்றிக் கொடுத்தால் அந்த விலக்கு போய்விடும், அந்த வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடும். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

சொந்த வண்டி

மார்க் வாங்கினால் பைக் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீற முடியாமல் வாங்கித் தருகிறவர்கள் உண்டு. கல்லூரி இருபது கிலோமீட்டர், பஸ் மாறி மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம் என்பதால் வாங்கித் தருகிறவர்களும் உண்டு. இரண்டாவது காரணம் நியாயமானது. பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஊரிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைக்கு வண்டி ஆடம்பரம் ஆகாது. வேலை, கோச்சிங், பகுதிநேர வகுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் கால்.

ஆனால் வேறு வழி இருக்கும்போதும் முதல் வண்டியைப் பிள்ளைக்கென்று தனியாக வாங்கித் தருவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் நாடு தழுவிய அளவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டுத் தொகுத்த தகவல்கள் 2009-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியாயின. வீட்டுக் காரைப் பகிர்ந்து ஓட்டும் பிள்ளைகளைவிட, ஒரு காரைத் தங்களுக்கென்றே வைத்திருந்த பிள்ளைகள் விபத்தில் சிக்கியிருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. வேகமாக ஓட்டுவதும் ஓட்டிக்கொண்டே போன் பேசுவதும் அவர்களிடம்தான் அதிகம். அமெரிக்கச் சாலை வேறு, நம் சாலை வேறு, அது கார், இது பைக். எல்லாம் சரி. ஆனால் காரணத்தை யோசித்தால் நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. வீட்டு வண்டி என்றால் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறாய், யாரோடு, எத்தனை மணிக்கு வருவாய் என்ற கேள்வி தானாக வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு வண்டி வேண்டும் என்றால் ஐந்தே முக்காலுக்குத் திரும்பியாக வேண்டும். சொந்த வண்டியின் சாவி பிள்ளையின் பாக்கெட்டிலேயே இருப்பதால் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லாமல் போகிறது. அதற்கப்புறம் கேட்டால் விசாரணை போலத் தோன்றும், சண்டைதான் வரும்.

இன்னொன்று, நண்பர்கள். "டேய், வண்டிய குடுடா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று கேட்டால் பதினெட்டு வயதில் மறுக்கத் தெரியாது. ஆர்.சி. பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். லைசென்ஸ் இல்லாத நண்பன் ஓட்டிப் போய் யாரையாவது இடித்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்க முடியும். லட்சக்கணக்கில் வரும். வாங்குகிற அன்று ஷோரூமில் யாரும் இதைச் சொல்வதில்லை.

வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் 100 முதல் 125 சிசிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 200 சிசி பைக்கின் வேகத்தைக் கையாளத் தேவையான அனுபவம் முதல் வருடத்தில் எந்தப் பிள்ளைக்கும் இருக்காது, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவரும் போட வேண்டும் என்பது சட்டம்.

அறவே மறுப்பது

"படிச்சு முடி, சம்பாதிச்சு நீயே வாங்கிக்கோ." கண்டிப்பான வீடுகளில் இந்தப் பதிலை அடிக்கடி கேட்கலாம். இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கண்டிப்புக்கு ஒரு பலன் உண்டு என்று மேலே சொன்ன அதே ஆய்வாளர்களின் இன்னொரு கட்டுரை காட்டியது. பெற்றோரை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள்: விதியும் வைத்து அன்பும் ஆதரவும் காட்டுகிறவர்கள், விதி மட்டும் வைக்கிறவர்கள், செல்லம் மட்டும் கொடுக்கிறவர்கள், இரண்டிலும் ஒதுங்கி நிற்பவர்கள். ஒதுங்கி நிற்கும் பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், விதி மட்டும் வைத்த கண்டிப்பான பெற்றோரின் பிள்ளைகள்கூட சீட் பெல்ட் அதிகம் போட்டார்கள், வேகம் குறைத்தார்கள். செல்லம் மட்டும் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் விபத்து வாய்ப்பில் அப்படி ஒரு குறைவு இல்லை. ஆனால் விதியும் ஆதரவும் சேர்ந்திருந்த வீடுகளின் பிள்ளைகள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. குடித்துவிட்டு ஓட்டுவதும் அவர்களிடம் மிகக் குறைவு.

மறுத்துவிட்டால் பிள்ளை வண்டி ஓட்டாது என்று நினைப்பதுதான் இந்த வழியின் பெரிய பலவீனம். ஹாஸ்டலில், கல்லூரி மைதானத்தில், நண்பனின் பைக்கில் கற்றுக்கொண்டுவிடும். லைசென்ஸ் இருக்காது, ஹெல்மெட் இருக்காது, ஒரு வண்டியில் மூன்று பேர் இருப்பார்கள். விழுந்து முட்டி பெயர்ந்தால் வீட்டில் சொல்லாது. "பஸ்ஸில் ஏறும்போது வழுக்கிட்டுது" என்று சொல்லும். தலையில் அடிபட்டிருந்தால் அந்தப் பொய்யே உயிருக்கு ஆபத்தாகலாம். தண்டனைக்குப் பயந்து அடியை மறைக்கும் பிள்ளையை வளர்த்தால் நம் கண்டிப்பு எதைக் காப்பாற்றியது?

வயது ஏறினால் பக்குவம் ஓரளவு வரும். கை பழகாது. இருபத்து மூன்று வயதில் முதல் சம்பளத்தில் பைக் வாங்கி, பழக்கமில்லாத ஊரில், சொல்லிக் கொடுக்க யாரும் இல்லாமல் ஓட்டத் தொடங்குகிறவனும் புதியவனே.

இந்த மறுப்பு பல வீடுகளில் மகளுக்கு மட்டும் விழுகிறது. தம்பிக்குப் பதினெட்டில் பைக், அக்காவுக்கு இருபத்தி நான்கிலும் "உனக்கெதுக்கும்மா, அப்பா கொண்டுபோய் விடறேன்". பயம் புரிகிறது. ஆனால் சாவி கிடைக்காத பெண் எந்த வேலைக்குப் போகலாம், எந்த வகுப்பில் சேரலாம் என்பது அப்பாவின் நேரத்தைப் பொறுத்து அமைகிறது. சாதாரண நகரப் பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனாலும் பஸ் நின்றுபோன பிறகு முடிகிற வேலைகள் இருக்கின்றன. விதி எதுவானாலும் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

மறுப்பு சரியாகும் இடமும் உண்டு. எதற்கெடுத்தாலும் கை நீட்டும் கோபம், இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கும் பழக்கம், குடி. இவை இருந்தால் பதினெட்டு ஆனாலும் சாவி வேண்டாம். அப்போதும் "உனக்குக் கிடையாது" என்று முடித்துவிடாமல், எது மாறினால் கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வீட்டு வண்டியைப் பகிர்வது

இதில்தான் பெற்றோருக்கு வேலை அதிகம். பணம் குறைவு, நேரம் நிறைய ஆகும்.

நியூசிலாந்து 1987-இல் புதிய ஓட்டுநர்களுக்குப் படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. முதலில் பழகுநர், பிறகு கட்டுப்பாடுள்ள லைசென்ஸ், கடைசியில் முழு லைசென்ஸ். நடுப்படியில் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் இளம் பழகுநர்கள் அடுத்த படிக்குப் போவதற்கு முன் 120 மணி நேரம் ஓட்டியதைக் குறித்துக் காட்ட வேண்டும். இரவும், கூட வருகிற சம வயது நண்பர்களும் புதியவருக்கு ஆபத்தைக் கூட்டுகிறார்கள் என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம். நம் சட்டத்தில் இப்படி நடுப்படி கிடையாது. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால், மறுநாளே நள்ளிரவில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகலாம். அதனால் அந்த நடுப்படியை வீட்டில் நாம்தான் உருவாக்க வேண்டும்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பதாவது நாளே டெஸ்ட்டுக்கு ஓடாமல் அந்த ஆறு மாதத்தையும் பயன்படுத்துங்கள். காரில் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு முன்னும் பின்னும் இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இருசக்கர வண்டி என்றால் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பின் சீட்டில் நீங்களே உட்காருங்கள். டிரைவிங் ஸ்கூலில் கிளட்சும் கியரும் ரிவர்ஸும் சொல்லித் தருவார்கள். சாலையில் ஆளைக் கொல்லுகிற விஷயங்கள் வேறு, அவற்றை நேரில் காட்டித்தான் கற்றுத்தர வேண்டும். நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் ஆள் ஓடி வருவார் என்று எதிர்பார்ப்பது. லாரியின் இடது பக்கம் டிரைவருக்குத் தெரியாது என்பதால் அங்கே நுழையாமல் இருப்பது. நான்கு வழிச்சாலையில் சென்டர் மீடியன் இடைவெளியில் திரும்பும் வண்டியையும் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்கையும் கவனிப்பது. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. எதிரே ஹைபீம் அடித்தால் ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது. கோடைக்குப் பிறகு முதல் மழை விழுந்ததும் சாலை எவ்வளவு வழுக்கும் என்பது. இவை ஒவ்வொன்றும் எதிரில் வரும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் மனதில் பதியும்.

சொல்லிக் கொடுக்கும்போது கத்தாதீர்கள். "அறிவிருக்கா உனக்கு" என்று ஒருமுறை கேட்டால் பிள்ளையின் கவனம் சாலையிலிருந்து உங்கள் முகத்துக்குப் போய்விடும். ஓரமாக நிறுத்தச் சொல்லி, என்ன நடந்தது என்று பேசிவிட்டுத் தொடருங்கள். அப்பாவால் கத்தாமல் இருக்க முடியாது என்றால் சித்தியோ மாமாவோ உட்காரட்டும். பெற்றோர் இருவருக்குமே ஓட்டத் தெரியாத வீடும் உண்டு. அங்கே டிரைவிங் ஸ்கூலிலேயே கூடுதல் வகுப்புகளுக்குப் பணம் கட்டிச் சந்தடியான நேரத்தில் ஓட்டப் பழகலாம்.

லைசென்ஸ் வந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்கு வீட்டு விதிகள் இப்படி இருக்கலாம்: இரவு எட்டுக்கு மேல் தனியாக இல்லை, பின்னால் நண்பர் இல்லை, நெடுஞ்சாலை இல்லை, வண்டியை யாருக்கும் கொடுப்பதில்லை. "அப்பா திட்டுவாரு, தர முடியாதுடா" என்று நண்பனிடம் சொல்ல உங்களைக் காரணமாக்கிக்கொள்ளட்டும், அதற்கு நீங்கள் முழுமனதோடு அனுமதி கொடுங்கள்.

பொறுப்பு என்று நாம் பேசுவது ஓட்டுவதோடு முடிவதில்லை. டயரில் காற்றுப் பார்ப்பது, பங்க்சர் கடையில் நிற்பது, புகைச் சான்றிதழ் எடுப்பது, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று தெரிந்துவைப்பது, சர்வீஸுக்கு விட்டு பில்லைச் சரிபார்ப்பது. இவற்றைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். தவறான பார்க்கிங், சிக்னல் தாண்டியது என்று போனில் அபராத மெசேஜ் வந்தால் பிள்ளையின் கைச்செலவுப் பணத்திலிருந்து போகட்டும். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தை நீங்கள் கட்டிவிட்டு நாலு வார்த்தை திட்டுவதால் பயன் இல்லை.

பெற்றோருக்கும் விதி உண்டு. நம் வீடுகளில் பிள்ளை கிளம்பிப் பத்து நிமிடத்தில் "எங்க இருக்க?" என்று போன் போடுவோம், எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி போடுவோம். திட்டு விழுமே என்று ஓட்டிக்கொண்டே காதில் வைக்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. போய்ச் சேர்ந்ததும் பிள்ளையே மெசேஜ் போடட்டும். அதுவரை நாம் அழைக்கக் கூடாது. அப்பா பக்கத்துக் கடைக்கு ஹெல்மெட் இல்லாமல் போகிற வீட்டில் மகன் தலையில் ஹெல்மெட் ஏறாது. அப்பாவும் இன்றிலிருந்து போட வேண்டும்.

எல்லா விதிகளுக்கும் மேலாக ஒன்றைச் சொல்லிவையுங்கள். நண்பன் குடித்திருந்தாலோ, தானே குடித்துவிட்டிருந்தாலோ, தூக்கம் கண்ணைக் கட்டினாலோ, எந்த நேரமானாலும் போன் செய்தால் நாங்கள் வந்து அழைத்துப்போவோம், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று. பேச வேண்டியதை மறுநாள் பேசுங்கள். கண்டிப்பான அப்பாக்களுக்கு இது கடினம். ஆனால் அந்த ஒரு போன் வராமல் போன வீடுகளை நினைத்துப் பாருங்கள். வந்த அன்று வாசலில் நின்று நீங்கள் கத்திவிட்டால் அடுத்த முறை அது வராது.

விதி மீறினால் என்ன ஆகும் என்பதை முன்பே பேசி, முடிந்தால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பனை ஏற்றியது தெரிந்தால் இரண்டு வாரம் சாவி இல்லை என்றால் இரண்டு வாரம்தான். கோபத்தில் ஆறு மாதமாக்குவதும் பாட்டி கேட்டதற்காக இரண்டு நாளில் திருப்பிக் கொடுப்பதும் ஒரே அளவு கெடுதல். தானாக வந்து "வண்டி உரசிடுச்சுப்பா" என்று சொன்னால் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை ஏற்கட்டும், சாவி பறிப்பு வேண்டாம். மறைத்துவிட்டு நாம் கண்டுபிடித்தால் இரண்டும்.

ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துவைத்து இருவரும் உட்காருங்கள். பின் சீட்டில் ஒருவரை ஏற்றுவதற்கு முதலில் அனுமதி கொடுக்கலாம், பிறகு இரவு, கடைசியாக நெடுஞ்சாலை, அதுவும் முதல் சில தடவை நீங்கள் கூடவே போய். இடையில் அபராதமோ மறைப்போ நடந்திருந்தால் அந்தப் படி ஒரு மாதம் தள்ளிப்போகும். தனியாகச் சொந்த வண்டி வேண்டுமா என்ற கேள்வியை அன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.